மூழ்கிய ஒரே கட்டை

மெர்சி அக்கா வீட்டு வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளேயும் ஒன்று உண்டு, ஆனால் அவர் அதிகம் பயன்படுத்தியது வெளியே இருந்ததைத்தான். பீளமேட்டில், மூடிக் கிடக்கும் மில்லின் சுற்றுச்சுவரை ஒட்டிப் போகும் சந்தில் அவர் வீடு. அடுத்த சந்தில் எங்கள் வீடு. தண்ணீர் பிடிக்கவோ ரேஷன் கடைக்கோ கிளம்பும்போது அந்தத் தாழ்ப்பாளைப் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடுவார். அவர் தெருவில் நடந்து போய் நான் பார்த்ததில்லை.

உள்ளே இருந்தது அவருடைய தம்பி எபினேசர். இருபத்தாறு வயது. எல்லோருக்கும் எபி. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வலிப்பு வரும். நாலைந்து சொற்களுக்கு மேல் பேச்சு கிடையாது. கதவு திறந்திருந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவான். எங்கே போகிறோம் என்பது அவனுக்குப் பொருட்டில்லை. ஒரு முறை இருகூர் ரயில் நிலையத்தில் தண்டவாளத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தவனை ஒரு பூக்காரம்மா பிடித்து வைத்திருந்தார்.

நான் நாலு வருஷம் கென்யாவிலும் ஜெர்மனியிலும் குழந்தைகள் இல்லங்களில் வேலை செய்துவிட்டு, 1996 ஜனவரியில் ஊர் திரும்பினேன். இரண்டு மாதம் இருந்துவிட்டு மறுபடி கிளம்பிவிட வேண்டும் என்பது எண்ணம். மெர்சி அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். பல்லடம் பக்கத்தில் தோட்டக் கூலியாக இருந்த அவருடைய அப்பா, மில் வேலைக்காகப் பீளமேடு வந்தவர். அக்கா பத்தாவது முடித்து, பத்தொன்பது வயதில் ஒரு மோட்டார் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் சேர்ந்தார். பதினாலு வருஷம் மோட்டாருக்குள் வைக்கும் செப்புக்கம்பிக் காயில் சுற்றினார். சுற்றிய காயிலை அடுப்பில் காய வைத்து வார்னிஷில் முக்கி எடுப்பதும் அவர் வேலைதான். நான் வருவதற்கு முந்தைய ஆடியில் கம்பெனியை மூடினார்கள். கார்த்திகையில் அம்மா இறந்தார். அதுவரை எபியைப் பார்த்துக்கொண்டது அம்மாதான்.

கணபதியில் வேறொரு பட்டறையில் வேலை கிடைத்தது. கதவைத் தாழிட்டுவிட்டுப் போனார். ஒன்பது நாள் ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் நாள் மாலை வந்து திறந்தபோது எபி சமையலறைத் தரையில் கிடந்தான். எப்போது வலிப்பு வந்தது என்று தெரியவில்லை. உதடு கிழிந்து ரத்தம் காய்ந்துபோயிருந்தது. அதில் எறும்பு மொய்த்திருந்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை.

அவருடைய தாய்மாமா சின்னப்பன் பஸ் கண்டக்டர். அம்மாவின் சாவுக்கு எல்லாச் செலவும் செய்தவர். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து நேராக வந்தார். நான் அப்போது எபியின் மருத்துவமனை மனுவை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, நீ ஊட்டுக்குள்ள இருந்தா சோறு இல்ல. வெளிய போனா இவன் இல்ல. ரெண்டுல எதுன்னு சொல்லு."

"ஊட்டுலயே செய்யற மாதிரி ஒரு வேலை தேடிக்கறனுங்க மாமா."

"என்ன வேலை? மெழுகுவத்தி ஊத்தறியா? போன கிறிஸ்மஸ்க்கு நாலு மெழுகுவத்தியத் தின்னவன் உன்ற தம்பி."

எபி தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு மாமாவைப் பார்த்துச் சிரித்தான். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டுதான் மீதியைச் சொன்னார். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ளும் ஒரு விடுதி இருக்கிறது. அவர் போய்ப் பேசிவிட்டார். இடம் இருக்கிறது.

"ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன். ஈஸ்டர் கழிஞ்ச திங்கக்கெழமை கார்த்தால வாரேன். அன்னிக்கு ஊட்டுக்குள்ளயே நீ பொழைக்கற வேலை என்னன்னு எனக்குக் காட்டோணும். இல்லைன்னா அவன் துணியக் கட்டி வெய்யி."

"அவன் அங்க இருக்க மாட்டானுங்க மாமா."

"இங்க பூட்டி வெச்சா மட்டும் இருக்கறானா? ஆட்டுக்குட்டியா அவன்?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாமா போனபின் மனுவில் கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கிய அக்கா, கையெழுத்தை மறந்துவிட்டுப் பேனாவையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெர்மனியில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் நான் பார்க்கவே செய்து கொடுத்த பேனா அது. மர உடல். வெளிர் மஞ்சள் மரத்தில் கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும்.

"இதென்ன கண்ணு, ஆறு ஓடற மேப்பாட்டம் இருக்குது? வரைஞ்சதா?"

"இல்லக்கா. உளுத்த மரம். மழையில நனைஞ்சு பூஞ்சை புடிச்சா இந்தக் கோடு வரும். ஆனா பஞ்சு மாதிரி இருக்கும், கடைசல் புடிக்க முடியாது. அதனால காய வெச்சு, ரெசின்ல போட்டு, உள்ள இருக்கற காத்த மிஷின் வெச்சு உறிஞ்சி எடுத்துருவாங்க. காத்து போன இடத்துல ரெசின் ஏறும். அப்பறம் சூடு பண்ணா கல்லாட்டம் ஆயிரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, இது நம்ம வார்னிஷ் முக்கற வேலைதான கண்ணு?"

அந்தப் பார்வைக்குப் பிறகு என்னால் ஊரைவிட்டுக் கிளம்ப முடியவில்லை.

ஆவாரம்பாளையத்தில் மருதாசலம் என்பவர் மர லேத் வைத்திருந்தார். கட்டில் கால், உளிப்பிடி, மில்லுக்கான உருளை எல்லாம் கடைவார். ஐம்பதைத் தாண்டியவர். பேனாவைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அதை ஆர்.எஸ்.புரத்தில் தனக்குத் தெரிந்த பேனாக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு, மூன்றாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"கடைக்காரருக்குப் புடிச்சுப்போச்சுங்க. கலியாணத்துக்கு, ரிட்டயர்டு பார்ட்டிக்கு எல்லாம் இந்த மாதிரி கேக்கறாங்களாம். கடையறது நான் கடைஞ்சுக்கறேன். கட்டை மட்டும் நீங்க பக்குவம் பண்ணிக் குடுத்தாப் போதும் அம்மணி. ஊட்டுலயே செய்யுங்க, யாரு வேண்டாங்கறா?" பிறகு விரலை ஆட்டினார். "ஆனா ஒண்ணு. லேத்துல கட்டி உளி வெச்சா உதிராம நிக்கோணும். நின்னா மாசா மாசம் வேலை. உதிர்ந்தா எனக்கும் உங்களுக்கும் மூக்குல தூசி."

அக்கா வழியெல்லாம் எனக்கு முன்னாலேயே ஓடினார். வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே உட்கார்ந்திருந்த எபியின் தலையைப் பிடித்து ஆட்டினார். "ஊட்டுலயே செய்யலாமாண்டா. கேட்டுக்கிட்டயா? ஊட்டுலயே."

மரம் கிடைப்பது கஷ்டமாக இல்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியின் பின்புறத்தில், மோட்டார் கட்டி அனுப்பும் மாமரப் பெட்டிகள் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து கிடந்தன. காவலுக்கு இருந்தவர் அவருக்குத் தெரிந்தவர். பலகை பாதி உளுத்துப்போயிருந்தது. அறுத்தால் உள்ளே அதே கறுப்புக் கோடுகள். விரல் பருமனில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டை கட்டையாக அறுத்தோம்.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. உக்கடத்தில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றிய கம்ப்ரஸர், காற்றை உறிஞ்ச. அம்மாவின் பெரிய அலுமினியக் குக்கர், மூடி இல்லாமல். அதன் வாய்க்கு லாரி டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். அதற்கு மேல் பெயர்ப்பலகை எழுதும் கடையில் மிச்சம் கிடந்த தடித்த அக்ரிலிக் தகடு. அதில் ஓட்டை போட்டுக் குழாயை அக்காவே பொருத்தினார். சூடு பண்ண, வீட்டில் இருந்த வட்டமான கேக் அடுப்பு. கிறிஸ்துமஸுக்கு அம்மா அதில்தான் கேக் செய்வார். ரெசின் ஒரு தடவை அதில் சூடாகிவிட்டால் பிறகு சாப்பிடும் பொருள் எதையும் வைக்க முடியாது என்று நான் சொன்னேன். அக்கா ஒரு நிமிஷம் அடுப்பைப் பார்த்தார்.

"இவன் இருந்தாத்தான கண்ணு கேக்கு?"

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி இருந்தது. குளிக்கவும் துவைக்கவுமான, மூன்று பக்கம் சுவர் எழுப்பிய திறந்த இடம். அங்கேதான் பட்டறை. எபி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். மடியில் அவனுடைய பிஸ்கட் டின். ஊக்கு, பித்தான், நூல்கண்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டை, எதைக் கண்டாலும் எடுத்து அந்த டின்னில் போட்டு மூடியை இறுக்கி அமுக்கிவிடுவான்.

முதல் தடவை ஃபைபர் சாமான் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் கலந்தோம். ரெசின், அதை இறுக்கும் திரவம், இறுகுவதை வேகப்படுத்தும் ஊதா மருந்து. காற்று உறிஞ்ச ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் குக்கர் தொட முடியாமல் சுட்டது. அடுத்து புகை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாத்திமுத்து அக்காவின் குரல் வந்தது.

"ஏனுங் மெர்சி, எதைப் போட்டு எரிக்கறீங்க? என்ற ஊட்டு அரிசியெல்லாம் மண்ணெண்ணெ நாத்தம் நாறுது!"

"இதோ முடிஞ்சுதுங்க அக்கா!"

"முடிஞ்சா சரி. நான் முடிஞ்சுபோயிருவேனோன்னு பாத்தேன்."

கட்டைகளும் ரெசினும் குக்கரோடு ஒரே பாறையாகிவிட்டன. உளியால் கொத்தி எடுக்க ஒரு நாள் ஆயிற்று.

இரண்டாம் தடவை ஊதா மருந்தை விட்டுவிட்டோம். சூடு பட்டால் மட்டும் இறுக வைக்கும் ஒரு வெள்ளைப் பசை உண்டு. அதைத் தேடி வாங்கிக் கலந்தோம். அன்றைக்கு எல்லாம் சரியாகப் போவதுபோல்தான் இருந்தது. அக்கா கட்டைகளைக் கேக் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வைத்தார். கம்பெனியில் செய்த அதே பக்குவம். துணி சுற்றிய கையால் எடுத்து, சூடு ஆறுவதற்குள் ரெசினில் போட்டு, தகட்டை மூடி, கம்ப்ரஸரை ஓடவிட்டார். தகட்டின் வழியே பார்த்தால் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது.

"குமிழு நிக்கற வரைக்கும் ஓட்டோணும்," என்றார். கம்பெனியிலும் அப்படித்தானாம். ஆனால் குமிழ் நிற்கவே இல்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். கம்ப்ரஸர் தொட முடியாமல் சூடானதும் நிறுத்தினோம். எடுத்து, அடுப்பில் சுட்டோம். நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. தட்டினால் கல் மாதிரி சத்தம்.

மருதாசலம் லேத்தில் கட்டினார். உளி பட்டதும் பளபளவென்று சுருள் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் உள்ளே போனதும் சத்தம் மாறியது. மறு நொடி கட்டை வெடித்தது. உள்ளே இருந்தது மாவு. பழைய உளுத்த மாவு அப்படியே.

மருதாசலம் மூக்கைத் துடைத்தார். "பப்ஸாட்டம் பண்ணியிருக்கீங்க அம்மணி. மேல மொறுமொறு, உள்ள ஒண்ணுமில்ல."

மூன்றாம் தடவை வெகுநேரம் காய வைத்தோம். அடுப்பிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தபோது நான் எண்ணியதில் ஒன்று குறைந்தது. "எண்ணக்கூடத் தெரியாமத்தான் வெளிநாடு போயிட்டு வந்தியா?" என்று அக்கா சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது. அந்தக் கட்டைகளும் உதிர்ந்தன. நாலாம் தடவை ரெசினில் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஊற வைத்தோம். ஐந்தாம் தடவை கட்டைகளை இன்னும் சூடாகப் போட்டார். சூடு இருந்தால் ரெசின் இளகி உள்ளே ஓடும் என்று அவர் கணக்கு. அன்றைக்குக் குக்கரில் கட்டையைச் சுற்றி ரெசின் தயிராகத் திரண்டது.

அந்த இரண்டாம் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் மட்டும் கட்டையை எடுத்துக்கொண்டு ஆவாரம்பாளையம் போய் வந்தேன். அக்கா வாசலில் நின்றிருப்பார். நான் சந்து முனையில் திரும்பும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். மருதாசலமும் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். கடைசியில் ஒரு நாள், "கடைக்காரர் கேட்டுட்டே இருக்காருங்க. நானும் எத்தனை நாளைக்கு இன்னிக்கு நாளைக்குன்னு சொல்றது?" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. அக்கா மாலை ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. ஆறாவது தடவையும் தோற்ற அன்று, உடைந்த கட்டையைப் பல்லால் கடித்துப் பிளந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"எங்கக்கா தப்பு?" என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? பாத்துட்டு வந்தவ நீ." அவர் குரல் ஏறியது. "எங்கெங்கயோ போயி எதையோ அரைகொறையாப் பாத்துட்டு வந்து என்ற தலையில கட்டிப்போட்டயே எழிலு. இந்நேரம் நான் ஊறுகாய் போட்டிருந்தாக்கூடப் பொழைச்சிருப்பனே."

எபி எழுந்து வந்து அவர் வாயிலிருந்த தூளைத் தன் சட்டையால் துடைத்தான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டார். பிறகு அதே கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை காலை மாமா வாடகைக் காரில் வந்தார். மூட்டை கட்டப்படவில்லை. பொடக்காலியில் கம்ப்ரஸரும் குக்கரும் கிடந்தன. அக்கா அவரை அங்கே அழைத்துப் போய்க் காட்டினார்.

"இன்னும் ஒரு வாரம் குடுங்க மாமா. மேல புடிச்சுருச்சு. உள்ள மட்டுந்தான் ஏறலை."

மாமா ஒரு கட்டையை எடுத்து விரல்களால் நெருக்கினார். அது நடுவில் முறிந்து கையில் மாவாகக் கொட்டியது.

"ரெண்டு மாசம் குடுத்தேன் புள்ள. ஆண்டவரே எந்திரிச்சுட்டாரு, உன்ற கட்டை எந்திரிக்கலை."

சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்குச் சோறு போட்டுட்டயா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா துணிகளை மடித்தார். மாத்திரைகளை ஒரு தாளில் எழுதி வைத்தார். எந்த மாத்திரை எப்போது, வலிப்பு வந்தால் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வெந்நீர் பிடிக்காது, இருட்டில் விளக்கு வேண்டும். தாள் நிறைந்து பின்பக்கமும் எழுதினார். டின்னை மூட்டையோடு வைத்தபோது மாமா எடுத்து வெளியே வைத்தார். "தகர டப்பால்லாம் அங்க விட மாட்டாங்க புள்ள. மத்தவங்க அடிச்சுக்குவாங்க."

எபிக்குக் கார் என்றால் உயிர். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, டிரைவரைப் பார்த்து, "போ, போ" என்றான். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் சந்து முனையில் திரும்பும்வரை அவன் தலை சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா உள்ளே போனார். கதவை மூடவில்லை. அந்த வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் போய்விடலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் போகச் சொல்லவும் இல்லை. மத்தியானம் வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு டின்னை இழுத்து மடியில் வைத்துத் திறந்தார். ஊக்கு, பித்தான், மாத்திரை அட்டை. அடியில் ஒரு கட்டை. ரெசின் படாத, காய்ந்த, வெளுத்த கட்டை.

"அன்னிக்குக் கொறைஞ்சது," என்றேன்.

"சட்டைல சுருட்டி எடுத்திருக்கறான். சுட்டிருக்குமே." அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து எழுந்தார். குக்கரில் கடைசித் தடவை கலந்த ரெசின் மீதி இருந்தது. வைத்திருந்தால் வெயிலுக்கு வீணாகிவிடும். வேறொன்றும் நினைத்து அவர் செய்ததாகத் தெரியவில்லை. கை சும்மா இருக்க முடியாமல்தான் அந்தக் கட்டையை அதில் போட்டு, தகட்டை மூடி, கம்ப்ரஸரை ஓடவிட்டார்.

குமிழ்கள் பொங்கின. இத்தனை நாளில் அப்படிப் பொங்கியதில்லை. கட்டையே தெரியாத அளவுக்கு நுரை. அரை மணி கழித்து நுரை அடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"எழிலு," என்றார். "குமிழு நின்னுபோச்சு."

கம்ப்ரஸரை நிறுத்திக் காற்றை உள்ளே விட்டதும் ரெசின் மட்டம் கண்ணெதிரே கீழே இறங்கியது. மாலை வரை ஊறவிட்டு, அடுப்பில் சுட்டோம். மறுநாள் காலை அவர் அதைக் கையில் நிறுத்துப் பார்த்தார். பழைய கட்டை ஒன்றை இன்னொரு கையில் எடுத்தார். இரண்டையும் தண்ணீர் வாளியில் போட்டார். பழையது மிதந்தது. எபியின் கட்டை நேராக அடிக்குப் போய் டங்கென்று வாளியைத் தொட்டது.

அறுத்துப் பார்த்தோம். மேலிருந்து நடுவரை ஒரே நிறம். ஒரே கல்.

"என்ன பண்ணான்? என்னத்தப் பண்ணான் இதை?" அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒண்ணுமே பண்ணலையே. டின்னுல போட்டு மூடி வெச்சான். அவ்வளவுதான்."

மூடி வைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஜெர்மன் வீட்டுக்காரர் கட்டைகளை அடுப்பிலிருந்து எடுத்தது ஒரு மாலை நேரம். ஒரு டப்பாவில் போட்டு இறுக்கி மூடினார். நாங்கள் சாப்பிட்டோம். மறுநாள் காலை உணவுக்கு அப்புறம்தான் ரெசினில் போட்டார். நடுவில் இருந்த ராத்திரி வேலையில் சேர்த்தி என்று நான் நினைக்கவே இல்லை. அவர் தூங்கப் போனார் என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் சொன்னபோது அதை விட்டுவிட்டேன்.

இப்போது சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு ராத்திரிய முழுங்கிப்போட்டயே கண்ணு," என்றார். குரலில் கோபம் இல்லை. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். காயில சூட்டோட முக்கோணும், அப்பத்தான் வார்னிஷு இளகி உள்ள ஓடும். பதினாலு வருஷம் கை பழகின பழக்கம். இது வார்னிஷு இல்ல. சூடு பட்டா இறுகறது. சூட்டுக் கட்டைய உள்ள போட்டு, நானே அதும் வாயில மூடி போட்டு அடைச்சிருக்கறேன். ஆறு தடவை."

எபி உட்காரும் படியைப் பார்த்து, வேறு யாரிடமோ சொல்வதுபோல், "அவன் படிக்கட்டுல உக்காந்து காட்டிட்டே இருந்திருக்கறான்," என்றார்.

மீதி இருந்தது ஒன்றரைப் பலகை. பதினொரு கட்டை தேறியது. காய வைத்து, சுடச்சுட பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் ஒரு ராத்திரி முழுக்க வைத்தோம். அக்கா அந்த டின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். பதினொன்றும் வாளியில் மூழ்கின.

மருதாசலம் முதல் கட்டையை லேத்தில் கட்டியபோது அக்காவும் வந்திருந்தார். வீட்டில் அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய எபி இல்லை. அதனால் வர முடிந்தது. சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. சத்தம் மாறவில்லை. மருதாசலம் லேத்தை நிறுத்தி, விரலால் தடவி, மறுபடி ஓட்டினார்.

"கட்டை நின்னுருச்சு அம்மணி," என்றார். "என்ன, சிரிக்கக் காணோம்?"

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. மாசம் எத்தனை கட்டை வேணும், ஊட்டுல இருந்துட்டே செய்யலாம்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்துங்க."

"சீட்டு எதுக்குங்க? என்ற பேச்சு போதாதா?"

"எனக்குப் போதுமுங்க. எங்க மாமனுக்குப் போதாது."

விடுதியில் யார் சேர்த்தார்களோ அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த ஞாயிறு சிங்காநல்லூரில் மாமா வீட்டுக்குப் போனோம். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் இருந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"வந்து பாருங்க மாமா."

மாமா எச்சில் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். சீட்டைப் படித்தார். மறுபடி அண்டாவைப் பார்த்தார்.

"எந்திரிக்கலைன்னீங்களே. முங்கிருச்சுங்க மாமா."

அவர் கை கழுவப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. "ஆறு மாசம்," என்றார். "ஆறு மாசம் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு தடவை அவன் அடிபட்டுக் கெடந்தான்னு காதுல உழுந்தாலும், அப்பறம் நீ எந்தக் கட்டையக் கொண்டு வந்தாலும் நான் பாக்க மாட்டேன்."

விடுதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எபி அங்கே போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. தலையை மொட்டை அடித்திருந்தார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் அவன் யார் என்று அக்காவுக்கே உடனே தெரியவில்லை. அவர் அவன் எதிரே போய் உட்கார்ந்து பெயரைச் சொன்னார். அவன் அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தான். பஸ்ஸில் மூன்று மணி நேரமும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தான். கண்டக்டர் விசில் ஊதியபோதுகூடத் திரும்பவில்லை. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குச் சிரிப்பவன்.

வீட்டில் நாலு நாள் அப்படியே இருந்தான். ஊட்டினால் தின்றான். படியில் உட்காரவில்லை. டின்னை மடியில் வைத்தால் அது நழுவிக் கீழே விழுந்தது. அக்கா கட்டை அறுத்தார், காய வைத்தார், மூடி வைத்தார், முக்கினார். திரும்பித் திரும்பி அவனைப் பார்த்தார். "நான் அனுப்பிச்சேன்னு தெரியுது இவனுக்கு," என்றார் என்னிடம்.

ஐந்தாம் நாள் அடுப்பைத் திறந்து கட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எபி எழுந்து வந்தான். சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டு ஒரு கட்டையை எடுத்தான். கீழே கிடந்த டின்னில் போட்டான். மூடியை வைத்து உள்ளங்கையால் அமுக்கினான். ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

அக்கா அசையவில்லை. தட்டில் மீதிக் கட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. திறந்து கிடந்தால் காற்றின் ஈரம் ஏறிவிடும். "மீதிய டிபன் பாக்ஸ்ல போட்டு மூடு கண்ணு," என்றார் என்னிடம் மெதுவாக. "அதை அவன் எந்திரிச்சப்பறம் எடுத்துக்கலாம்."

நான் ஜூன் மாதம் ஊரைவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்குச் சொல்லிக்கொள்ளப் போனபோது வாசற்கதவைப் பார்த்தேன். வெளித் தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. கழற்றிவிடலாமே அக்கா என்றேன்.

"மாமன் சொன்ன ஆறு மாசம் முடியோணுமில்ல. அக்டோபர் கழியட்டும்," என்றார்.